மனம்திரும்பியவர்கள் பட்டியலில் என் பெயர்

ஆட்டுக்கடா வாங்கும்போது முதலில் பல்லைப் பார்க்க வேண்டும். பலர் கொம்பைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். கொம்பு எந்தக் கிழட்டுக் கடாவுக்கும் கம்பீரமாகத்தான் இருக்கும். நான் வாங்கிய கடாவுக்குப் பல், கண், குளம்பு, தோல் எல்லாம் சுத்தம். பலி ஆட்டில் பழுது உண்டா என்று சோதிக்கிற லேவியர் அதன் முதுகைத் தடவிவிட்டு, "இத வெட்டவே மனசு வரலியே" என்றார். என் குற்றத்துக்காக நான் அப்படிப்பட்ட கடாவைத்தான் கொடுத்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் கேட்டவை இரண்டு. என் மனைவியாக இருந்த மில்காள் யூதா வம்சத்தவள்தானா என்பது ஒன்று. அப்படியானால், அந்நிய மனைவியைத் தள்ளிவிட்டு மனம்திரும்பிய ஆசாரியர்களின் பட்டியலில் என் பெயர் எப்படி ஏறியது என்பது மற்றொன்று. பட்டியலிலிருந்து என்னை அடித்துவிடலாமா என்று நீங்கள் யோசிப்பது எனக்குத் தெரியும். உங்கள் கையில் எழுதுகோல் இருக்கும் விதமே சொல்கிறது. அவசரப்பட வேண்டாம். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். நேராகச் சொன்னால் உங்களுக்குத் தப்பாகப் படும் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

என் பெயர் பெதாயா. ஆசாரியன். பலிபீடத்தில் விறகு அடுக்குவது என் வேலை. விறகுதானே என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஒலிவக் கட்டை ஆகாது, திராட்சைக் கொடி ஆகாது, பூச்சி அரித்தது ஆகவே ஆகாது. காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து, சந்து விட்டு, அத்திக் கட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்க வேண்டும். நெருப்பு ஒருபோதும் அணையக் கூடாது. அணைந்ததில்லை. பதினான்கு வருடமாக அணையாத ஒன்றுக்காக யாரும் யாரையும் பாராட்டுவதில்லை. ஒருநாள் அணைந்திருந்தால் என் பெயர் எருசலேம் முழுக்கத் தெரிந்திருக்கும்.

மில்காளைக் கட்டியதும் பதினான்கு வருடத்துக்கு முன்புதான். அவள் அப்பா பாபிலோன் தேசத்துத் தெல்மேலாக்கிலிருந்து வந்தவர். அந்த ஊரிலிருந்து வந்தவர்கள் பலரால் தங்கள் வம்சத்தைக் காட்ட முடியவில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஊர்ப் பெயரைக் கேட்டதுமே ஜனங்கள் ஒரு புருவத்தைத் தூக்குவார்கள். அதனால் அவர் தன் வம்ச அட்டவணை எழுதிய தோல்சுருளைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு கட்டி நாலு மாதம் நடந்து கொண்டுவந்தார். கல்யாணத்தன்று என்னிடம் கொடுத்து, "மாப்ள, பொண்ண வேணா மழையில நனைய விடுங்க, இத விட்றாதீங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் அதை மண்ஜாடியில் வைத்து, மூடியைச் சுற்றித் தார் மாதிரி கீல் பூசி, மாவுப்பானைக்கு மேல் மாடத்தில் வைத்தேன். பதினான்கு வருடம் அது அங்கேயே இருந்தது. நான் பொறுப்பில்லாதவன் என்று யாரும் சொல்ல முடியாது.

அப்புறம்தான் பாபிலோனிலிருந்து வேதபாரகர் வந்தார். உடன்படிக்கையை மீறி அந்நியப் பெண்களைக் கட்டிக்கொண்டோம் என்று அவர் தாடியைப் பிய்த்துக்கொண்டு ஆலயத்துக்கு முன்னால் விழுந்ததும், ஊரே விழுந்ததும் நீங்கள் பார்த்ததுதான். ஒன்பதாம் மாதம் எல்லாரையும் ஆலயத்துக்கு முன்னால் கூட்டினார்கள். மழை கொட்டியது. பாவத்துக்காக நடுங்கியவர் எத்தனை பேர், குளிருக்காக நடுங்கியவர் எத்தனை பேர் என்று பிரித்து எழுத ஆள் இல்லை. எழுந்து முன்னால் போய், மனைவியைத் தள்ளிவிடுகிறேன், குற்றத்துக்கு ஒரு கடா பலி கொடுக்கிறேன் என்று கையடித்துக் கொடுத்த முதல் ஆசாரியர்களில் அக்கூபும் ஒருவன்.

அக்கூப் என் பக்கத்து வீட்டுக்காரன். ஒரே சுவர். பலிபீடத்தில் சாம்பல் அள்ளுகிறவன். நான் அடுக்குவேன், அவன் அள்ளுவான். அவன் மனைவி ஆரிசாத், அஸ்தோத்துக்காரி, உப்புக்கண்ட மீன் போடுவதில் கெட்டிக்காரி. அக்கூப் அழுத அழுகை மூன்று தெருவுக்குக் கேட்டது. ஆரிசாத் அழுதது சுவரை ஒட்டி இருந்த எங்களுக்கு மட்டும் கேட்டது. மறுநாளே அவள் ஒரு மூட்டையோடு போய்விட்டாள்.

அதற்கப்புறம் அக்கூபைப் பார்க்க வேண்டுமே. அதுவரை அவன் 'சாம்பல்' அக்கூப். இப்போது 'மனம்திரும்பின' அக்கூப். பரிசுத்த இறைச்சி சாப்பிட உட்காரும்போது அவனை முன்வரிசைக்கு அழைத்தார்கள். தெருப் பெண்கள் திராட்சை அடை சுட்டு அனுப்பினார்கள், பாவம், வீட்டில் சமைக்க ஆள் இல்லையே என்று. ஆரிசாத்துக்கு எங்கே ஆள் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை; நானும் கேட்கவில்லை, அது என் வேலை இல்லை. இன்னும் கையடிக்காத லேவியர்கள் அவனைச் சுற்றி உட்கார்ந்து பாடம் கேட்டார்கள்.

"அண்ணே, எதுல ஆரம்பிக்கணும்?"

"மொதல்ல அங்கியக் கிழி. அப்பறந்தான் தாடி. தாடிய மொதல்ல பிச்சேன்னு வையி, வலியில அங்கி கிழிக்கத் தெம்பு இருக்காது."

"பழைய அங்கி போட்டுக்கலாமாண்ணே?"

"நைஞ்சு போனதா இருந்தா சத்தம் நல்லா வரும்."

என்னைப் பார்த்ததும் இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். அந்த அளவுக்கு மரியாதை இருந்தது. "உனக்கென்னப்பா பெதாயா, நீ குடுத்து வச்சவன். திரும்பறதுக்கே ஒண்ணுமில்ல. கெடக்கற எடத்துலயே கெடக்கலாம்" என்றான். மற்றவர்கள் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

ஐயா, நீங்கள் படித்தவர். ஒரு மனிதன் தவறே செய்யாமல் பதினான்கு வருடம் உடன்படிக்கையில் நிற்கிறான். இன்னொருவன் பதினான்கு வருடம் மீன் தின்றுவிட்டு ஒரு மத்தியானம் அழுகிறான். யாருக்கு முன்வரிசை என்பதை நான் கேட்கவில்லை. கேள்வி அங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

வீட்டில் மில்காளிடம் சொன்னேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

"ஏங்க, தப்பு பண்ணாம இருந்ததுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"உனக்குப் புரியாது."

"புரியுது புரியுது. வேணும்னா இந்தப் பருப்பக் கருக விட்டுட்டு, நீங்கதான் கருக்குனீங்கன்னு ஊரெல்லாம் சொல்றேன். போய் நல்லா அழுதுட்டு வாங்க."

எங்கள் மகள் தீர்சாள் சிரித்தாள். எட்டு வயது. அம்மாவின் வாய் அப்படியே அவளுக்கு. நானும் சிரித்தேன். நான் சிரிக்கத் தெரியாதவன் இல்லை.

பத்தாம் மாதம் மூப்பர்கள் உட்கார்ந்து விசாரிக்க ஆரம்பித்தார்கள். நானும் வரிசையில் நின்றேன். மூன்று நாள். மூன்றாம் நாள் சாயங்காலம் மூப்பர் எல்நாத்தான் முன்னால் போய் நின்றேன்.

"பேரு?"

"பெதாயா. ஆசாரியன்."

"பொண்டாட்டி எந்த ஊரு? அஸ்தோத்தா, அம்மோனா, மோவாபா?"

"யூதாதாங்க."

"அப்பறம் எதுக்கு வந்த?"

மனம்திரும்ப வேண்டும் என்று சொன்னேன். எதற்கு என்றார். ஒருமுறை ஓய்வுநாளில் மறந்துபோய் ஒரு சுள்ளியைக் குனிந்து எடுத்துவிட்டேன் என்றேன். அது உண்மை. விறகுக்காரன் கை தானாகப் போய்விட்டது.

"அதுக்குக் கல்லெறியணும். எறியச் சொல்லவா?"

"வேண்டாங்க."

"அப்ப வழிய விடு. பின்னாடி நெஜமான பாவி நிக்கறாரு."

பின்னால் நின்றவர் என்னை மெதுவாக, மரியாதையாக ஒதுக்கிவிட்டு முன்னால் போனார்.

அன்றிலிருந்துதான் நான் மில்காளைக் கவனிக்க ஆரம்பித்தேன். கணவன் மனைவியைக் கவனிப்பது நல்ல விஷயம்தானே. குழம்பில் சீரகம் அதிகம் போடுகிறாள். யூதேயாவில் யாரும் அவ்வளவு போடுவதில்லை. மாவு அரைக்கும்போது பாபிலோன் பக்கத்துப் பாட்டு ஒன்று பாடுகிறாள். ஆரிசாத் போன அன்று வாசல் வரை போய், என் கம்பளியை அவள் தோளில் போட்டுவிட்டு வந்து அழுதாள். "என்ன பாவம் பண்ணா அவ, மீனத்தான வித்தா" என்றாள். அந்நியப் பெண்ணுக்காக இப்படி அழுகிறவள் யாராக இருக்க முடியும் என்று யோசித்தேன். யோசிப்பது பாவமில்லை. தெல்மேலாக் என்ற பெயரும் நினைவுக்கு வந்தது. ஊரே புருவத்தைத் தூக்குகிற இடத்தில் நான் மட்டும் ஏன் தூக்காமல் இருந்தேன் என்று என்மேலேயே எனக்கு வருத்தம்.

அடுத்த மாதம் எல்நாத்தானிடம் மறுபடி போனேன். இந்தமுறை வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. என் மனைவியின் வம்சத்தைக் குறித்து எனக்கு மனச்சங்கடம் இருக்கிறது, விசாரித்து என்னை விடுவிக்க வேண்டும் என்றேன். அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

மில்காளை அழைத்தார்கள். அவள் கையில் மாவோடு, தீர்சாளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு எல்லாம் வேடிக்கையாக இருந்தது. சுருள் எங்கே என்றார்கள்.

"வீட்ல மாடத்துல ஜாடியில இருக்குங்க. எங்கப்பா குடுத்தது. ஆள் அனுப்பி எடுத்துக்குங்க."

போன ஆள் ஜாடியோடு வந்தான். மூடியைத் திறந்து கவிழ்த்தான். ஒன்றும் விழவில்லை. மில்காள் அந்த ஜாடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எங்க வச்சீங்க?"

"வீட்ல இல்ல" என்றேன். நான் பொய் சொன்னேன் என்று யாராவது சொன்னால் அந்த வார்த்தையைக் காட்டச் சொல்லுங்கள்.

அவள் வாதாடவில்லை. எல்நாத்தான் பக்கம் திரும்பி, தன் அப்பா பெயரில் தொடங்கி, அவர் அப்பா, அவருக்கு அப்பா என்று சொல்லிக்கொண்டே போனாள். பாபிலோன் சிறையிருப்புக்கு முன்பு வரை போனாள். நடுவில் மூச்சு வாங்க நின்றபோது தீர்சாள் அந்த இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு கடகடவென்று முடித்தாள். எங்கள் வீட்டில் அதைத் தாலாட்டு மாதிரி சொல்வார்கள். மூப்பர்களில் ஒருவர் சிரித்து, "கிளி மாதிரி சொல்லுதே" என்றார்.

"சொல்றது அழகாத்தான் இருக்கு. ஆனா வாய்ச்சொல் செல்லாதும்மா" என்றார் எல்நாத்தான். "ஆசாரியமாருக்கே எழுத்து இல்லேன்னா பரிசுத்த அப்பம் கெடையாதுன்னு தள்ளி வச்சிருக்கோம். உனக்கு மட்டும் எப்படி?"

தீர்சாள் என் அங்கியைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, நான் ஒரு பேரும் விடலியே?"

ஒரு பெயரும் விடவில்லை என்று சொன்னேன். பிள்ளைகளிடம் உண்மைதான் பேச வேண்டும்.

சாட்சி உண்டா என்று கேட்டார்கள். மில்காளின் அப்பா இப்போது உயிரோடு இல்லை. கல்யாணத்தன்று சுருளைப் பார்த்தவன் அக்கூப். அன்று அதை விரித்து, பெயர்களைப் பார்த்து, "ஏயப்பா, நீளமான வம்சம்டா" என்று சொன்னதே அவன்தான். அவனை அழைத்தார்கள். மில்காள் அவனிடம், "அண்ணே, நீங்க பாத்தீங்கல்ல, சொல்லுங்க" என்றாள். அக்கூப் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அது அப்போது அவனுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. "நானே மனம்திரும்பினவன்மா. பொம்பளைங்க விஷயத்துல நான் வாயத் தொறந்தா நல்லா இருக்காது" என்றான். தெல்மேலாக்கிலிருந்து வந்த மற்றக் குடும்பங்கள் இரண்டு இருந்தன. தங்கள் புருவக்கதையே தீராத நிலையில் அவர்கள் அந்தப் பக்கம் வரவே இல்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் பரிசுத்தத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்நியப் பெண் என்று தீர்ப்பு ஆனது. நான் தள்ளுசீட்டை எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். மில்காள் அழவில்லை. வீட்டுக்கு வந்து, பிசைந்த மாவை அப்படியே துணியில் சுற்றிக்கொண்டாள். திரிகைக்கல்லின் மேல்பாதியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். கீழ்ப்பாதியை எனக்கு விட்டுவிட்டாள். அதை வைத்து யாரும் ஒன்றும் அரைக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். நான் வாங்கிவைத்திருந்த கடா வாசலில் கட்டியிருந்தது. அதைத் தாண்டும்போது நின்றாள்.

"ஆட்டுக்குப் பழுது இருக்கான்னு தலையிலேர்ந்து கால்வரைக்கும் தடவித் தடவிப் பாக்கறாங்களே. இழுத்துட்டு வர்றவன் கையப் பாக்க ஒருத்தரும் இல்லியா?"

கோபத்தில் சொன்னது. நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

கடா பலியான அன்று என் பெயரை வாசித்தார்கள். என் அப்பா பெயரோடு, முழுப் பெயராக. முன்வரிசையில் உட்கார்ந்தேன். திராட்சை அடை வந்தது. ஒரு இளம் லேவியன் என்னிடம் வந்து, "அண்ணே, அங்கிய எந்தப் பக்கம் கிழிச்சீங்க?" என்று கேட்டான். இடது பக்கம், இதயத்துக்கு மேலே என்று சொன்னேன். ஐயா, மனம்திரும்புதல் என்பது எவ்வளவு இனிமையானது என்று அன்றுதான் தெரிந்தது. உண்மையாகவே கண்ணீர் வந்தது. அதில் ஒரு சொட்டுகூட நடிப்பு இல்லை.

ஆனால் முதல் மாதம் பிறந்தபோது விசாரணை முடிந்தது. பட்டியலில் நூற்றுக்கு மேல் பெயர். எல்லாரும் மனம்திரும்பியவர்கள் என்றால் முன்வரிசை எங்கே போதும்? அடை வருவது நின்றது. நானும் அக்கூபும் ஆளுக்கொரு கரிந்த ரொட்டியை வைத்துக்கொண்டு சுவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். "உப்பு இருக்காப்பா?" என்று அவன் கேட்பான். இல்லை என்பேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

போன வாரம் சக்கூர் வந்தான். மில்காளின் தம்பி. பாபிலோனிலிருந்து ஒட்டகக் கூட்டத்தோடு வந்து, நேராக என் வாசலில் நின்றான்.

"என்ன மச்சான், எளச்சுப் போயிட்டீங்க. அக்கா எங்க?"

சொன்னேன். அவன் முதலில் சிரித்தான், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. பிறகு மாடத்தைப் பார்த்தான். பிறகு கீழ்ப்பாதித் திரிகைக்கல்லைப் பார்த்தான். அதற்கப்புறம் சிரிக்கவில்லை. தன் பையைத் திறந்து, தன் வம்சத்தைக் காட்டக் கொண்டுவந்திருந்த ஒரு சுருளை எடுத்தான். என் மாமனார் ஒரு பிரதியைத் தெல்மேலாக்கிலேயே விட்டுவைத்திருக்கிறார். அதே முத்திரை, அதே பெயர்கள். எவ்வளவு சந்தேகப் பிராணி பாருங்கள் அந்த மனிதர். மாப்பிள்ளையைக்கூட நம்பவில்லை.

அந்தச் சுருள்தான் இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறது. ஆகவே சொல்லிவிடுகிறேன். முதல் சுருளை நான்தான் எரித்தேன். எல்நாத்தானிடம் மறுபடி போவதற்கு முன்பே, அக்கூபின் கடா பலியான காலை, கீலை உடைத்து அதை எடுத்து, அங்கிக்குள் வைத்துக்கொண்டு போய், அத்திக் கட்டைகளின் நடுச்சந்தில், காற்று நன்றாக வரும் இடத்தில் செருகினேன். மேலே கொழுப்பை வைத்தார்கள். நன்றாகப் பிடித்தது. சாம்பலை அக்கூபே அள்ளினான், அவனுக்குத் தெரியாது. மில்காள் யூதா வம்சத்தவள் என்பது அன்றும் எனக்குத் தெரியும். அவளையும் என் மகளையும் தெரிந்தேதான் அனுப்பினேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நான் அதைக் கண்ட அடுப்பில் போடவில்லை. ஆண்டவருடைய நெருப்பில் போட்டேன். அதற்கு மேல் பத்திரமான இடம் எது?

அவர்கள் எங்கே என்றால், ஆரிசாத்தோடு அஸ்தோத்தில் இருக்கிறார்களாம். மில்காள் மாவு அரைத்துக் கொடுக்கிறாளாம், மீனுக்கு உப்புப் பிடிக்கிறாளாம். சக்கூர் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். தீர்சாள் பாதிப் பேச்சு அஸ்தோத் மொழியில் பேசுகிறாள் என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். பார்த்தீர்களா ஐயா. நான்கு மாதத்தில் அந்நியர் பேச்சு வாயில் ஏறிவிட்டது. எனக்கு அப்போதே ஏதோ பட்டது என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறீர்கள்.

பட்டியல் விஷயத்துக்கு வருகிறேன். என்னை அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அன்று எனக்குப் பாவம் இல்லை, மனம்திரும்பினேன். இப்போது பாவம் இருக்கிறது, மனம்திரும்புதல் ஏற்கனவே செய்தாகிவிட்டது, கடாவும் கொடுத்தாகிவிட்டது. முன்பின்னாக நடந்திருக்கிறது, அவ்வளவுதான். எழுத்தில் ஒன்றும் மாற்ற வேண்டாம்.

வெளியே கத்துகிறவன் சக்கூர்தான். அக்காவையும் பிள்ளையையும் திரும்ப வீட்டில் சேர்த்துக்கொள், மற்றதை மறந்துவிடுகிறேன் என்கிறான். எல்நாத்தானும் அதையே சொல்லி அனுப்பியிருப்பதாகச் சொல்கிறீர்கள். நீங்களும் தலையை ஆட்டுகிறீர்கள். மில்காள்கூட, பிள்ளைக்காக வருகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். எல்லாரும் இரக்கமுள்ளவர்கள். ஆனால் யாராவது ஒருவர் நியாயப்பிரமாணத்தைத் திறந்து பார்க்க வேண்டாமா? கணவனால் தள்ளப்பட்ட பெண்ணை ஆசாரியன் சேர்க்கக் கூடாது. அவனே தள்ளியவளாக இருந்தாலும் கூடாது. சீட்டு என் கையால் எழுதியது, செல்லும். என்னிடம் வேறு என்ன கேட்டாலும் செய்கிறேன், ஐயா. இன்னொரு கடாகூடத் தருகிறேன். அவளுக்காக உடன்படிக்கையை மட்டும் மீறச் சொல்லாதீர்கள். அந்தப் பழக்கம் எனக்கு இல்லை.